தீப்பெட்டியின் உள் அலங்காரம்: ஓர் ஆய்வு

வெள்ளைச் சுவர், சாயம் பூசாத மரம், சாமான் கண்ணில் படாத கூடம். இந்த மினிமலிஸ்ட் அலங்காரத்துக்கு ஜப்பானையும் ஸ்வீடனையும் தாயகமாகச் சொல்வது வழக்கம். அறிஞர்கள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறாததால் நேர்ந்த பிழை இது. அந்த அலங்காரம் குறைவின்றி வாய்த்த வீடு தீப்பெட்டி ஒன்றே என்பது இக்கட்டுரையின் துணிபு. சான்று அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. வெளுத்த அட்டைச் சுவர். உள்ளே மெழுகு தவிர வேறு பூச்சறியாத மெல்லிய மரம். ஆணி இல்லை, கீல் இல்லை, விரலால் தள்ளினால் வீடே இழுப்பறை. மரச்சாமானுக்குப் பேர்போன ஸ்வீடன்தான் 19ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புத் தீப்பெட்டிக்கும் பேர்போனது என்பதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை. 1923-இல் சிவகாசியில் வேர்விட்ட தொழில் கோவில்பட்டிக்கும் பரவ, மழை குறைந்த வானமும் குச்சி காயும் வெயிலும் தோதாயின. மண்ணும் இந்தக் கட்சிக்கே சாட்சி. கரிசல் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் எழுப்பிய வெள்ளைச் சுவரில் கீறல் விழும். தீப்பெட்டிக்கோ அஸ்திவாரமே கிடையாது.

மேல்பெட்டியில் புலியும் தாமரையும் அடிக்கிற நிறத்தில் நிற்கின்றனவே, இது எளிமையா என்று கேட்பார்கள். அது தெருப்பக்கம், நம் ஆய்வு உள் அலங்காரம் பற்றியது. குச்சிமுனைச் சிவப்பு? ஓர் அறைக்கு ஓர் அழுத்தமான நிறம் போதும் என்று அலங்காரக்காரர்களே சொல்கிறார்கள், இங்கே அது அளவெடுத்து முனையில் மட்டும் தொட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டுச் சொரசொரப்பை 'டெக்ஸ்ச்சர்' சுவர் என்றே கொள்க. முன்பு சுவரும் மரச்சில்லாகவே இருந்தது, அட்டை வந்து அசல் கெட்டது என்ற வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. ஆனால் தேக்குப் படம் ஒட்டிய பலகையை மரம் என்று வாங்குகிறவர்கள் அதை எழுப்பக் கூடாது. கடைசி ஆட்சேபம், குடியிருப்போர் வெளியே போனால் திரும்புவதில்லை என்பது. சாமானைக் குறை, குறை என்று நூல்கள் ஓயாமல் உபதேசிக்கின்றன. அதைத் தினமும் தானாகவே செய்து முடிக்கும் வீடு வேறெது? செலவுக்கு அஞ்சுவோர் கவனிக்க: 14 ஆண்டுகள் 1 ரூபாயாக இருந்த இதன் விலை, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய்.