எண்பது குதிரையும் ஒரு பிளக்கும்

கோயம்புத்தூரில் மோட்டார் என்று எதைக் காட்டினாலும் முதலில் எத்தனை எச்பி என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் என்பது. ஊரின் வளர்ப்பு அப்படி. ஜி.டி. நாயுடு 1937-இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். பம்புசெட் தயாரித்தே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உள்ள ஊர். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியில் ஒரு பையன் மின்சார டர்ட் பைக் வாங்கி வந்தபோது, அதை முதலில் சோதித்தவர் காயில் கட்டும் கடை அண்ணன்தான்.

டயரைப் பார்க்கவில்லை, சஸ்பென்ஷனை அமுக்கவில்லை. குனிந்து மோட்டாரை மட்டும் விரலால் தட்டிப் பார்த்தார். ஸ்பெயினில் செய்கிற ஸ்டார்க் வார்க் என்ற பைக்கில் எண்பது எச்பி வருகிறது என்று பையன் பெருமையோடு சொன்னான். அவன் வாங்கியது அதுவல்ல. அதில் கால்வாசி பவர்கூட அவன் வண்டிக்குக் கிடையாது. இருந்தாலும் இனப்பற்று. அண்ணன் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, ஏழரை எச்பி சப்மர்சிபிள் ஒரு தோட்டத்துக்கே தண்ணி பாய்ச்சுது. எம்பது எச்பிய ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு நீங்க எங்கீங் போறீங்க?”

நாங்கள் போவது சூலூருக்கு அந்தப் பக்கம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்கு. குவாரிக்காரர் சம்மதத்தோடு, ஜல்லிமேட்டில் ஏறி இறங்க. மேற்குப் பக்கம் மலை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காப்புக்காடு, அங்கே யானைக்குத்தான் ஆஃப் ரோடு உரிமை.

அண்ணனின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மின்சார டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள் நான்கு பேர் கூடினால் குறை சொல்லிக்கொண்டே மூன்று ரவுண்டு டீ குடிப்பார்கள். அதில் ஒருவர்கூட “பவர் பத்தலைங்க” என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் புது மாடல் வரும்போதெல்லாம் கூட்டித் தருவது அதைத்தான். மின்மோட்டாரின் முழு முறுக்குவிசையும் நின்ற இடத்திலேயே கிடைத்துவிடும். ஈர மண்ணில் த்ராட்டிலை லேசாகத் திருகினாலே போதும், பின்சக்கரம் நகராமல் குழி தோண்ட ஆரம்பிக்கும். ஓட்டுகிறவன் கேட்பது மெதுவாக, அடிமேல் அடி வைத்து, பாறைமேல் ஏறுகிற நிதானத்தை.

நிதானத்துக்கு அடுத்தபடி வேண்டியது ஒரு பிளக்.

குவாரிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ரூம் இருக்கிறது. ஒருநாள் பையனின் வண்டி சார்ஜ் தீர்ந்து படுத்துக்கொண்டது. தோட்டக்காரரிடம் போய், “ஏனுங்ணா, ஒரு அரை மணி நேரம் பிளக் போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டான். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது வெவசாயக் கரண்டுங் தம்பி. வாழைக்கு ஃப்ரீ, வண்டிக்கு ஃப்ரீ இல்லீங்க. ஈபி-ல பாத்தாங்கன்னா சர்வீஸையே புடுங்கிட்டுப் போயிருவாங்க. வேணும்னா ஆளுக்கு ஒரு எளனி வெட்டித் தர்றன். குடிச்சுப்போட்டு தள்ளிட்டுப் போங்க.”

1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தருகிற மாநிலம் இது. அந்தச் சலுகை பம்புக்கு மட்டும்தான் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். இளநீர் குடித்தோம். தள்ளினோம். பெட்ரோல் வண்டி என்றால் யாராவது ஒரு பாட்டிலில் அரை லிட்டர் கொண்டுவந்திருப்பார்கள். கரண்ட்டை எந்தப் பாட்டிலில் பிடிப்பது?

இந்த இடத்தில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய ஒன்பது யூனிட் சக்தி இருக்கிறது. 2021-இல் அறிமுகமான முதல் ஸ்டார்க் வார்க்கின் பேட்டரி மொத்தமே ஆறரை யூனிட். அதாவது ஒரு லிட்டர் பாட்டிலைவிடக் குறைவு. பெட்ரோல் எஞ்சின் முக்கால்வாசியைச் சூடாக்கி வீணடிக்கிறது, மின்மோட்டார் ஏறத்தாழ எல்லாவற்றையும் சக்கரத்துக்கு அனுப்புகிறது என்பதால் தப்பித்தோம். அப்படிப் பார்த்தாலும் இரண்டரை லிட்டர் பெட்ரோல் போட்டதற்குத்தான் சமம். வண்டியோ 110 கிலோவுக்குச் சற்று மேல். பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை ஏறும். எடை ஏறினால் சார்ஜ் இன்னும் சீக்கிரம் தீரும். அதற்காகப் பேட்டரியை இன்னும் பெரிதாக்கினால் விலை ஏறி, வாங்கியவன் பொண்டாட்டிக்குத் தெரிந்துவிடும்.

உலக மோட்டோகிராஸ் பந்தயத்தில் ஒரு ரேஸ் முப்பது நிமிஷமும் இரண்டு சுற்றும்தான். அந்த அளவுக்கு இந்த பேட்டரிகள் தாக்குப்பிடிக்கப் பார்க்கின்றன. அதில் ஓட்டுகிறவர்கள் உடம்பும் அத்தோடு முடிந்துவிடும். எங்களைப்போல ஓட்டுவது பத்து நிமிஷம், நின்று கதை பேசுவது அரை மணி நேரம் என்று நாள் பூராவும் இழுக்கிறவர்களுக்குத்தான் சங்கடம். மேட்டிலும் மணலிலும் சார்ஜ் கரைகிற வேகம் கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்குக் கட்டுப்படாது. திரையில் காட்டும் சதவீதமும் கடைசியில் காலை வாரிவிடும். சார்ஜ் தீரத் தீர வோல்டேஜ் இறங்கி, இழுவையும் குறையும். இருபது சதவீதம் என்று காட்டினால், குட்டி யானைக்குப் போன் போடு என்று பொருள்.

ஆமாம், குட்டி யானை. நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக்கூடாது. ஆகவே குவாரிவரை வண்டியை அந்த மினி லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 250 வாட்டுக்குள்ளும் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் அடங்கினால் பதிவே வேண்டாம் என்கிறது சட்டம். அப்படி அடங்குகிற வண்டியில் ஜல்லிமேடு ஏறுவதைவிட நடந்து ஏறலாம். வீட்டில் சார்ஜ் போடும் செலவு, இரண்டு மாதத்துக்கு அரசு தருகிற இலவச யூனிட்டிலேயே அநேகமாக அடங்கிவிடும். குட்டி யானை வாடகைதான் எதிலும் அடங்குவதில்லை. புகை இல்லாத வண்டியை டீசல் வண்டியில் ஏற்றிப் போகிற எங்களைச் சுற்றுச்சூழல் வாழ்த்தாது. இந்த அவதிக்கு மாற்றாக, பெங்களூருவின் அல்ட்ராவயலட் கம்பெனி 2025-இல் ஷாக்வேவ் என்று ஒன்றை அறிவித்தது. 120 கிலோ, பதினாலரை எச்பி, நம்பர் பிளேட்டோடு ரோட்டிலும் ஓட்டலாம் என்றார்கள். காயில் கடை அண்ணனிடம் சொன்னேன். “பதினாலரையா? அது நாயமுங்க” என்றார்.

அடுத்தது இடது கை. மின்சார வண்டிக்குக் கியர் இல்லை, கிளட்ச் இல்லை. பல வண்டிகளில் அந்த இடத்தில் பின் பிரேக்கை வைத்துவிட்டார்கள், ஸ்கூட்டரில் இருப்பது மாதிரி. எங்கள் கோஷ்டியின் மூத்தவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டிப் பழகிய கை. ஒரு கல்லைத் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்குவோம் என்று, முறுக்கிக்கொண்டே பழைய நினைப்பில் இடது லீவரை அமுக்கினார். பைக் நின்றது. சார் நிற்கவில்லை.

எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அவர் கேட்டது நிஜமான கிளட்ச். இது வயதானவர் அடம் அல்ல. மோட்டாரைச் சுழலவிட்டு, கிளட்சை விடும் நொடியில் அந்தச் சுழற்சியைச் சக்கரத்துக்குத் தள்ளுவது பாறை ஏறுகிறவர்களின் அடிப்படை வித்தை. பிரான்ஸின் எலெக்ட்ரிக் மோஷன் தன் ட்ரயல்ஸ் பைக்குகள் சிலவற்றில் கிளட்ச் வைத்தே விற்கிறது. மின்சார வண்டிக்குக் கிளட்ச் எதற்கு என்று கேட்பவர்கள் சார் பறந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆப் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைக்க ஆப்பில் லாகின் செய்ய வேண்டும், லாகினுக்கு ஓடிபி வர வேண்டும், குவாரிப் பள்ளத்தில் டவர் கிடையாது. பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடி, ஓடிபி வாங்கி, திரும்பி ஓடி வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். வண்டியைவிட அவன்தான் அன்றைக்கு அதிகம் மேடு ஏறினான். ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச் போதும். அதற்கு என்ன செலவாகிவிடும்?

தண்ணீர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அர்த்தம். அதை நம்பிப் பையன் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டான். அங்கிருந்த தம்பி லாரிச் சேற்றைக் கழற்றுகிற பிரஷரில் கனெக்டரைப் பார்த்து அடித்துவிட்டான். மூழ்குவதற்குத் தரச்சான்று உண்டே தவிர, பீய்ச்சி அடிப்பதற்கு வேறு சான்று என்று அப்போதுதான் தெரிந்தது. குவாரிக் குட்டையில் அரை மணி நேரம் மூழ்கினால் வண்டி பிழைக்கும், ஓட்டுகிறவன் பிழைக்க மாட்டான். எங்களுக்கு வேண்டியது கழுவத் தகுந்த வண்டி.

நனைந்ததைக் காயில் கடை அண்ணன் பத்து நிமிஷத்தில் திறந்து காயவைத்திருப்பார். ஆனால் மூடிமேல் ஒரு ஸ்டிக்கர்: கிழித்தால் வாரண்டி போய்விடும். ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றித் திரும்ப மாட்டிப் பழகியவர். அவர் ஊரில் ஒரு ஸ்டிக்கருக்குப் பயந்து நால்வர் கைகட்டி நின்றோம். ஸ்டிக்கர் போட்ட கம்பெனியாவது நிலைத்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஆல்டா என்று ஒரு கம்பெனி, ரெட்ஷிஃப்ட் என்ற மின்சார மோட்டோகிராஸ் பைக்கைச் செய்தது. ஓட்டியவர்கள் மெச்சினார்கள். 2018-இல் கம்பெனி நின்றுவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கம்பெனி நின்றுவிட்டது என்ற புகாரை யாரிடம் கொடுப்பது? லீவர் ஒடிந்தால் காந்திபுரத்தில் லீவர் கிடைக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

கடைசியாக, சத்தம். இதில் கோஷ்டி இரண்டாகப் பிரிந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கும். செயின் அடிப்பதும் ஜல்லி நொறுங்குவதும் நம் மூச்சிரைப்பும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் குவாரியில் ஆடு மேய்க்கிற பெரியவருக்குப் பிடிக்கவில்லை. “பூனையாட்டம் வந்து நிக்கறீங்க, ஆடு மெரளுது” என்றார். அவரே ஒரு பழைய மாட்டு மணியைக் கொடுத்தார். அதை ஹேண்டில்பாரில் கட்டினோம். பல லட்சம் ரூபாய் வண்டி ஜல்ஜல் என்று மேடு ஏறியது. ஆடுகள் ஒதுங்கின. சாருக்கு அவமானமாக இருந்தது.

மறுவாரம் அவர் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வந்தார். 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-இன் சத்தத்தை எங்கோ பதிவு செய்து போனில் வைத்திருந்தார். ஸ்பீக்கரை சீட்டுக்குப் பின்னால் கயிற்றால் கட்டி, போனைச் சட்டைப்பையில் போட்டு, ஒலியை முழுசாக வைத்துக் கிளம்பினார். குவாரியின் நான்கு சுவரிலும் டூ ஸ்ட்ரோக் எதிரொலித்தது. சொல்லக்கூடாது, எங்களுக்கே புல்லரித்துவிட்டது. டவர் கிடைக்கிற அந்த ஒரே மேட்டு உச்சியில் சார் இரண்டு கையையும் விட்டு நின்றபோது ஆர்எக்ஸ் 100 பட்டென்று நின்றது. அவருடைய போன் தானாகவே அழைப்பை எடுத்துவிடும்படி வைத்திருந்தது போலிருக்கிறது. அடுத்த நொடி குவாரி முழுவதும் ஒரு பெண்குரல்:

“ஏனுங்க, கேஸ் சிலிண்டர் வந்திருக்குது. எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

பெரியவர் ஆடுகளை விலக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “தம்பீ, ஊட்ல கூப்புடறாங்க!”