தட்டுக்கு அடியில் புளி

மளிகைக் கடைத் தராசில் தட்டுக்கு அடியில் புளி ஒட்டிவைக்கும் வித்தை நமக்குத் தெரியும். பிடிபட்டால் கடைக்காரர் தலை குனிவார். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் கடைக்காரர் குனிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் புளியைச் சுரண்டி, 'சமநிலைத் திருத்தம்' என்று பெயரிட்டு வெளியிடுகிறார். வாடிக்கையாளர்கள் கை தட்டுகிறார்கள்.

வார்ஹாமர் 40,000 என்பது பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, அளவு நாடாவும் பகடையுமாக நடத்தும் போர். ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை புள்ளி என்று மதிப்பு உண்டு. இருவரும் 2,000 புள்ளிக்குப் படை திரட்டினால் போர் சமம் என்பது கணக்கு. பொம்மையை விற்பது அந்த நாட்டிங்காம் கடை, கேம்ஸ் ஒர்க்‌ஷாப். விதி எழுதுவதும் அதுதான், புள்ளி போடுவதும் அதுதான். மாட்டை விற்பவரே பல்லையும் பிடித்துப் பார்த்துச் சொல்கிறார்.

2015இல் இதே நிறுவனத்தின் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற இன்னொரு பொம்மைப் போர் புள்ளியே இல்லாமல் வந்தது. சமம் பார்க்க வேண்டுமா, தலையை எண்ணு என்றார்கள். கோப்ளின் ஒரு தலை, டிராகனும் ஒரு தலை. ஒரு தளபதிக்கு எழுதிய விதி இது: எதிராளியைவிட உங்கள் மீசை எடுப்பாக இருந்தால், தவறிய பகடையை மறுபடி உருட்டலாம். மீசை முளைக்காத பையன் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த ஆண்டு புள்ளிகள் வந்தன, விலைக்கு விற்ற ஒரு புத்தகத்தில். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தொட்டில் ஆட்டியதற்குக் கூலி கேட்டவர்களை அன்றுதான் பார்த்தோம்.

2022இல் வார்ஹாமர் 40,000க்கு 'வோட்டான்' என்ற குள்ளர் படை வந்தது. அதன் விதிப் புத்தகம் தனியாகக் கடைக்கு வருவதற்குள், படை அளவுக்கு மீறிப் பலமானது என்று திருத்தம் வந்துவிட்டது. குழந்தை பிறக்குமுன்பே ஜாதகத்தைத் திருத்திய பெருமை இவர்களையே சேரும். 2023 ஜூனில் அதே ஆட்டத்தின் பத்தாம் பதிப்பு வந்தது. அதில் 'ஏல்தாரி' என்ற படை போட்டிகளைச் சூறையாடியது. கடிவாளத்தைச் செப்டம்பர் வரை இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் எதிர்மேசையில் நின்றவர்கள் மாதக்கணக்கில் ஒட்டி, வர்ணம் தீட்டிய படையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள், இறந்ததும் திரும்ப அடுக்கினார்கள்.

கேட்டால் சதவீதம் காட்டுவார்கள். ஒரு படையின் வெற்றி 45க்கும் 55க்கும் இடையில் இருந்தால் சமநிலையாம். குழந்தைகள் ஆடும் கல், காகிதம், கத்தரிக்கோலிலும் சராசரி 50தான். கல்லை நீட்டியவன் காகிதத்திடம் ஒருநாளும் ஜெயித்ததில்லை. டாங்கியை உடைக்கும் பீரங்கிக்கு ஒரு விலை எழுதிவிடலாம். எதிரே டாங்கியே இல்லாமல் நூறு காலாட்கள் வந்தால் அந்தப் பீரங்கி பழைய இரும்பு. யார் முதலில் நகர்த்துகிறார், மேசையில் எத்தனை சுவர் இருக்கிறது என்பதையும் புள்ளி அறியாது. இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் ஐந்து புள்ளி கூட்டி, பத்து புள்ளி குறைத்து, நீதி வழங்கியதாக அறிவிக்கிறார்கள்.

ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. இரு தரப்பும் ஒன்றுபோல் இல்லை, ஆனாலும் ஆட்டம் நிற்கிறது. காரணம் எளிது: புதுப் புலி விற்கும் கடை அதற்கு இல்லை.

வேண்டுமென்றே சாய்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சாய்ந்தாலும் நிமிர்ந்தாலும் அவர்கள் கல்லா நிறைகிறது என்கிறேன். 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் ஏறியது. ஆட வருகிற நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திருத்தம் வந்த இரவே எந்தப் படை தப்பித்தது என்று பார்த்து அதை வாங்கிவிட்டு, மறுநாள் காலை சமநிலை கெட்டுவிட்டதென்று ஒப்பாரி வைக்கிறோம்.

சொத்துத் தகராறுக்கு நம் வீடுகளில் ஒரு வழி உண்டு. அண்ணன் பங்கு பிரிப்பார், தம்பி முதலில் எடுப்பார். அப்படியே ஒருவர் இரண்டு படைகளையும் அமைக்கட்டும், எது தனக்கு என்று மற்றவர் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு பக்கம் மாற்றி இன்னொரு ஆட்டம் ஆடுங்கள். இதற்குப் புத்தகம் வேண்டாம், திருத்தம் வேண்டாம், காசும் வேண்டாம். அதனால்தான் இந்த விதியை எந்தக் கடையும் விற்காது.