துண்டு, குடம், டோக்கன்: கிளாவரைப் பேருந்தை முன்வைத்து ஒரு வரிசையியல் ஆய்வு

1. முன்னுரை

ராட்டினம், படகு, விஞ்ச், ரோப் கார், ரோலர் கோஸ்டர் ஆகிய சவாரிகளில் ஏறுவதற்காக மனிதன் எவ்வளவு நேரம் நின்றான், நின்றபோது என்ன எதிர்பார்த்தான், அது கிடைக்காதபோது யாரைத் திட்டினான் என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. சவாரிகளைப் பற்றி விளம்பரங்கள் உண்டு. சவாரிக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பற்றி முணுமுணுப்புகள் மட்டுமே உண்டு. முணுமுணுப்புகளைத் தொகுத்து எண்ணிட்டால் அது ஆய்வாகிவிடும் என்பது கல்விப்புலம் அறிந்ததே.

ஆய்வுக் களமாகக் கிளாவரை தேர்ந்தெடுக்கப்பட்டது. தீம் பார்க்கே இல்லாத ஊரில் தீம் பார்க் வரிசையை எப்படி ஆராய்வது என்று அறிஞர் பெருமக்கள் கேட்கக்கூடும். விடைகள் இரண்டு. ஒன்று, அந்த ஊருக்குப் போகும் பேருந்தே ஒரு சவாரி. இரண்டு, தீம் பார்க் நுழைவுக் கட்டணத்துக்கு இவ்வாய்வாளருக்கு நல்கை கிடைக்கவில்லை.

2. களம்

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் சாலை ஓர் ஊரில் முடிந்துவிடும். அதுதான் கிளாவரை. அதற்கப்பால் காடும் கேரளத்து மலைகளும்.

சவாரி என்ற தகுதிக்கு இந்தப் பேருந்து எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. வளைவு உண்டு, சரிவு உண்டு, வயிற்றைக் கலக்குதல் உண்டு. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் வெறும் பனிமூட்டம். ரோலர் கோஸ்டரில் நெஞ்சுக்குக் குறுக்கே கம்பி இறங்கும். இங்கே மடியில் மூட்டை இறங்கும். அங்கே பாதுகாப்புச் சாதனம் பெல்ட், இங்கே எலுமிச்சம்பழம். மூட்டையில் பெரும்பாலும் பூண்டு இருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேருந்தில் அரசு முத்திரை பெற்ற ஒரே பயணி அதுதான் என்பதால், அதற்கு வழிவிட யாரும் தயங்குவதில்லை.

3. சொல்லாராய்ச்சி

வரிசை என்ற சொல் நேர்கோட்டில் பிறந்ததன்று. சங்க இலக்கியத்தில் அதற்குத் தகுதி, மதிப்பு என்று பொருள். புலவரின் தகுதி அறிந்து பரிசளிப்பதே வரிசை அறிவது. கல்யாண வீட்டுச் சீர்வரிசையில் இன்றும் அந்தப் பொருள் தட்டுத் தட்டாக நகர்கிறது. ரேஷன் கடை வாசலில்தான் வரிசை கால் கடுக்க நிற்கும் நேர்கோடாக ஆனது.

ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு பங்காளிகள் குடியிருக்கிறார்கள். "உன் தகுதிக்கேற்ப முன்னால் வா" என்பவர் ஒருவர். "வந்த நேரத்துக்கேற்பப் பின்னால் நில்" என்பவர் இன்னொருவர். உலகத்துச் சவாரி வரிசைகளின் வரலாறு முழுவதும் இந்த இருவருக்கும் நடக்கும் பாகப்பிரிவினை வழக்குதான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

4. முன்னோர் கண்டவை

1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டென்மார்க் கணிதர், இணைப்புக்குக் காத்திருக்கும் அழைப்புகளைக் கணக்குப் போட்டு வரிசைக் கோட்பாட்டுக்கு வித்திட்டார். 1961இல் அமெரிக்கரான ஜான் லிட்டில் ஒரு விதியை நிறுவினார்: நிற்போர் எண்ணிக்கை என்பது வந்து சேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கக் கிடைப்பது. ஏரிப் படகுத்துறைக்கு நிமிடத்துக்கு இரண்டு குடும்பங்கள் வந்துகொண்டிருக்க, முப்பது குடும்பங்கள் நின்றால் காத்திருப்பு பதினைந்து நிமிடம். அழகான விதி. வருவோரும் போவோரும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வருவோர் வந்துகொண்டே இருந்து பேருந்து மட்டும் வராத நாளில் இது செல்லாது. அன்று செல்லுபடியாவது டீக்கடை மட்டுமே.

1985இல் டேவிட் மைஸ்டர் என்பவர் நின்றவர்களின் மனத்துக்குள் நுழைந்தார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும் என்றார். நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது முடிவைக் குழாயடியில் குடத்தோடு நின்ற எவரும் அவருக்கு இலவசமாகவே சொல்லியிருப்பார்கள்.

5. யுகங்கள்

(அ) ராட்டின யுகம். ஊர்த் திருவிழாவில் மரத்தாலான தொட்டி ராட்டினம், தொட்டிகள் நான்கு, சுற்றுவது மனிதக் கை. வரிசை கிடையாது, மொய்ப்பு உண்டு. சுற்றுபவருக்குக் கை வலித்தால் சவாரி முடிந்தது. எதிர்பார்ப்பு: இன்னும் ஒரு சுற்று. 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெர்ரிஸ் நிறுவிய ராட்சத ராட்டினத்தில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர் வீதம் ஒரே நேரத்தில் 2160 பேர் ஏறலாம். கொள்ளளவு கூடியதே தவிர, எதிர்பார்ப்பு அதே இன்னும் ஒரு சுற்றுதான்.

(ஆ) படகு யுகம். கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் உருவாக்கினார். 1890இல் படகுச் சங்கம் அமைந்தது. பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் அதன் படகுகளைத் தற்காலிக உறுப்பினராகிப் பயன்படுத்த வழி பிறந்தது 1932 மே மாதத்தில்தான். இடைப்பட்ட 42 ஆண்டுகளும் பொதுமக்கள் அந்தப் படகுகளுக்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. "அந்தக் காலத்தில் கூட்டமே இருக்காது" என்று ஏங்குவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் இல்லாததற்குக் காரணம் கதவு சாத்தியிருந்ததுதான். வரிசை என்பது கதவு திறந்துவிட்டதன் அறிகுறி.

(இ) விஞ்ச் யுகம். இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் பழனி. படியேறுவதே நேர்த்திக்கடனாக இருந்த குன்றில் 1966இல் விஞ்ச் என்ற இழுவை வண்டி வந்தது. அது சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடும். அந்தச் சில நிமிடங்களுக்காக, விசேஷ நாட்களில், படியேறினால் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்தைப்போலப் பல மடங்கு கீழே நின்றார்கள். 2004இல் ரோப் கார் வந்தது. அன்றிலிருந்து விஞ்ச் வரிசையில் ரோப் காரைப் பற்றிய ஏக்கமும், ரோப் கார் வரிசையில் விஞ்சைப் பற்றிய ஏக்கமும், இரண்டிலும் "பேசாம ஏறியே போயிருக்கலாம்" என்ற ஞானமும் பிறந்தன. புதிய சவாரி பழைய வரிசையைக் குறைக்காது. நிற்பவருக்கு வருந்த இன்னொரு காரணம் தரும்.

(ஈ) டோக்கன் யுகம். 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா தீம் பார்க் திறந்தபோது, உள்ளே போனதே பாக்கியம் என்று வெயிலில் நின்றவர்களின் பிள்ளைகள், இன்று வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொண்டு புறப்படுகிறார்கள். கொடைக்கானலுக்கே 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தது. சவாரிக்கு வரிசை இருந்த காலம் போய், ஊருக்கே வரிசை வந்துவிட்டது.

6. முதன்மைக் கண்டுபிடிப்பு

1999இல் டிஸ்னி பூங்காவில் ஃபாஸ்ட் பாஸ் அறிமுகமானது. சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் ஊர் சுற்றலாம். உங்களுக்காக அந்தச் சீட்டு வரிசையில் நிற்கும். உலகம் வியந்தது. இவ்வாய்வாளர் வியக்கவில்லை.

பேருந்துச் சன்னல் வழியே துண்டை எறிந்துவிட்டு டீ குடிக்கப் போகும் தொழில்நுட்பம் நம்மிடம் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. குழாயடியில் குடம் நின்றது. குடத்துக்கு உரியவர் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்க்குப் பையும் செருப்பும் செங்கல்லும் நின்றன. கைக்குட்டையைவிடத் துண்டும், துண்டைவிடச் சன்னல் வழியே இறக்கப்பட்ட சிறுவனும் வலுவான ஆவணங்கள். துண்டை நகர்த்தலாம், சிறுவனை நகர்த்தினால் அழுவான்.

அடுத்த கட்டத்துக்கும் நாமே முன்னோடி. டிஸ்னியின் ஃபாஸ்ட் பாஸ் முதலில் இலவசம். 2021இல் அந்த இடத்துக்கு வந்த ஏற்பாட்டில் முந்திச் செல்லக் காசு கேட்டார்கள். நம் நாட்டு வண்டர்லா பூங்காக்களிலும் கூடுதல் கட்டணத்தில் ஃபாஸ்ட் டிராக் உண்டு. இதைக் கண்டு அதிர்ந்தவர்கள் கோயில் வாசலைப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் தர்ம தரிசனம், மறுபக்கம் சிறப்பு தரிசனம், நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. பூங்காக்கள் முதலில் நம் துண்டை எடுத்துக்கொண்டன. பிறகு நம் சிறப்புச் சீட்டை எடுத்துக்கொண்டன.

இரண்டும் ஒன்றல்ல. துண்டு எல்லார் தோளிலும் கிடக்கிறது. துண்டு இல்லாதவரிடம் கைக்குட்டை இருக்கிறது. விரைவுச் சீட்டுக்கான காசு எல்லார் பையிலும் இல்லை. முதல் பங்காளி சங்க காலத்திலிருந்து திரும்பி வந்து "தகுதிக்கேற்ப முன்னால் வா" என்கிறார். இப்போது தகுதியை அறிவது அரசன் அல்ல, பில் போடும் இயந்திரம்.

7. அறிவிப்பு முறைகள்

காத்திருப்பு நேரத்தை அறிவிப்பதில் இரு பள்ளிகள் உண்டு. தீம் பார்க் பள்ளி கூட்டிச் சொல்லும்: நாற்பது நிமிடம் என்று பலகையில் எழுதி முப்பதில் ஏற்றினால் விருந்தாளிக்குப் பத்து நிமிடம் லாபம் கிடைத்த மகிழ்ச்சி. நடத்துநர் பள்ளி குறைத்துச் சொல்லும்: "பின்னாடி வண்டி காலியா வருது!" பின்னால் வண்டி இல்லாவிட்டாலும் இது பொய்யாகாது. காலிதானே வருகிறது.

8. களப்பணி

வினாத்தாளுடன் கிளாவரை நிறுத்தத்தில் ஒரு பாட்டியை அணுகினோம்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கச் சம்மதிப்பீங்க, பாட்டி? பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி?"

"பஸ்சு வர்ற வரைக்கும்."

"என்ன எதிர்பார்க்கிறீங்க?"

"பஸ்சு வரணும்."

"கூடுதல் வசதி ஏதாவது?"

"நீ கொஞ்சம் தள்ளி உக்காந்தீன்னா மூட்டைய வைப்பேன், தம்பி."

அந்நேரம் ஜீப்பில் வந்திறங்கிய இளைஞர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் பனிமூட்டம் இருந்தது. டீக்கடையில் கேட்டார்கள்: "அண்ணே, மிஸ்ட் எப்ப விலகும்? டைமிங் இருக்கா?"

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது தோணுனா வரும், தோணுனா போகும் தம்பி. டோக்கன் குடுக்கறதில்ல."

பேருந்து வந்தது. முதலில் மூட்டை ஏறியது, பிறகு பாட்டி, பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண். பாட்டிக்கு முன்பே வந்திருந்த இருவர் கடைசியில் ஏறி நின்றுகொண்டே வந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பூம்பாறைக்கு அருகே ஒருவர் ஓட்டுநரைத் தெரியும் என்ற உரிமையில் முன்வாசல் வழியே ஏறி ஓர் இடத்தில் அமர்ந்தார். கொடைக்கானல் வரும்வரை அவரைத் தவிர வேறு பேச்சு இல்லை.

9. முடிவுகள்

ஒன்று: காத்திருக்கும் நேரம் யாரையும் கோபப்படுத்தவில்லை. மூட்டைக்கும் முதுமைக்கும் குழந்தைக்கும் முன்னிடம் கிடைத்தபோதும் யாரும் கோபப்படவில்லை. காரணமில்லாமல் ஒருவர் முந்தியபோது மட்டுமே கோபம் வந்தது.

இரண்டு: மாறியது வரிசையின் நீளமல்ல, வரிசையின் பொருள். முன்பு வருவது வரும்வரை எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். இப்போது நிற்காமல் இருப்பதையே சவாரியோடு சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்கியவருக்கு, நிற்கும் மற்றவர்கள் வழியிலிருக்கும் தடை.

மூன்று: முந்துவதற்கு ஒருவர் சொல்லும் காரணத்தைப் பின்னால் நிற்பவர் ஒப்புக்கொண்டால் அது மரியாதை; ஒப்புக்கொள்ளாவிட்டால் அது வெறும் ரசீது.

10. வரம்புகளும் வேண்டுகோளும்

இவ்வாய்வு ஒரு பேருந்து, ஒரு பாட்டி, ஒரு டீக்கடை ஆகியவற்றை மட்டுமே சான்றாகக் கொண்டது. மாதிரி சிறிது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மாதிரியைப் பெருக்க மீண்டும் போக வேண்டியிருக்கிறது. ஆகவே, கொடைக்கானல் பேருந்து நிலையத்தில், கிளாவரை வண்டியின் இடப்பக்க மூன்றாவது சன்னலோரம் நீலக்கரைத் துண்டு ஒன்று கிடக்கக் கண்டால், வாசகர்கள் அதை நகர்த்த வேண்டாம். அது இவ்வாய்வாளருடையது. டீ குடிக்கப் போயிருக்கிறார்.