ஒரு யூ64, இரண்டு பெயர்

கே: லினக்ஸில் ‘இன்ட்’ என்றால் எத்தனை பிட்?

ப: 32. எந்த இயந்திரமானாலும் 32.

கே: ‘லாங்’?

ப: 32 பிட் இயந்திரத்தில் 32, 64 பிட் இயந்திரத்தில் 64. விண்டோஸில் இரண்டிலுமே 32. இயங்கும் இடம் தெரியாமல் லாங் எழுதுபவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

கே: யூ64 என்ற 64 பிட் எண்ணின் ஒரே வகைக்கு லினக்ஸ் கெர்னலில் இரண்டு ஹெடர் ஃபைல்கள் இருந்தனவாமே?

ப: இருந்தன. இன்ட்-எல்64 என்ற ஃபைல் அதை ‘அன்சைன்டு லாங்’ என்றது. இன்ட்-எல்எல்64 ‘அன்சைன்டு லாங் லாங்’ என்றது. 64 பிட் இயந்திரத்தில் இரண்டுக்கும் அளவு ஒன்றுதான், ஆனால் கம்பைலருக்கு அவை வேறு வேறு வகைகள். ப்ராசசர்களில் எக்ஸ்86 ‘லாங் லாங்’ கட்சி. ஆல்ஃபா, ஐட்டேனியம், பவர்பிசி எதிர்க்கட்சி.

சண்டை வெடித்தது கெர்னல் செய்தி அச்சிடும் ‘பிரின்ட்கே’யில். டிரைவர் எழுதுபவர் ஒரு யூ64 மதிப்பை ‘எல்எல்யூ’ குறி போட்டு அச்சிடுவார். எக்ஸ்86-ல் கம்பைலர் வாயே திறக்காது. அதே வரி பவர்பிசிக்குப் போனதும் எச்சரிக்கை! ‘எல்யூ’ என்று மாற்றினால் பவர்பிசி அடங்கும், எக்ஸ்86 கத்தும். அதனால் அச்சிடும் இடத்திலெல்லாம் ‘அன்சைன்டு லாங் லாங்’ என்று காஸ்ட் போட்டார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் உள்ளவர் கவுண்டருக்குக் கவுண்டர் சான்றிதழ் நீட்டுகிற கதைதான்.

32 பிட் இயந்திரத்தில் 64 பிட் எண்ணுக்கு லாங் லாங்கை விட்டால் வழியில்லை. ஆகவே எல்லாரும் ஒத்துப்போகக்கூடிய பெயர் அது ஒன்றே. 2009-ல் பவர்பிசியும் ஐட்டேனியமும் மாறின. 2014-ல் கெர்னலுக்குள் இன்ட்-எல்64-க்கு விடை கொடுத்தார்கள்.

கே: அப்படியானால் அந்த ஃபைல் ஒழிந்ததா?

ப: கெர்னலுக்குள் மட்டும். பவர்பிசி 64-ல் ஓடும் வெளிப் புரோகிராம்களுக்குப் பழைய ‘லாங்’தான் இன்றும் கிடைக்கிறது, புதியது வேண்டுமென்றால் ஒரு மேக்ரோவை வைத்துக் கேட்டு வாங்க வேண்டும். பழைய பெயரை நம்பி எழுதிய புரோகிராம்கள் இருக்கின்றன. சி++ லைப்ரரிகளில் வகை மாறினால் ஃபங்ஷனின் உள்பெயரே மாறிவிடும். வெளியே கொடுத்த வாக்கைக் கெர்னல் மீறாதது சரியே.

கே: எதுவும் உடையாதபோது இதெல்லாம் வெட்டி வேலை இல்லையா?

ப: இல்லவே இல்லை. எச்சரிக்கை நூறு வந்தால் நூற்றியொன்றாவதை யாரும் படிப்பதில்லை. உண்மையான பிழை அங்கேதான் பதுங்கும். காஸ்ட் இன்னும் மோசம், கம்பைலரின் வாயையே கட்டிவிடும். நாளை யாராவது அந்த மாறியைப் பாயின்டராக மாற்றினாலும் 64 பிட் இயந்திரத்தில் அது குரல் கொடுக்காது.

கே: ‘சார்’ வகைக்குக் குறை எண் உண்டா?

ப: எக்ஸ்86-ல் உண்டு, ஆர்ம்-ல் கிடையாது என்பதுதான் வழக்கம். லினக்ஸ் 6.2 முதல் கெர்னலுக்குள் எங்குமே கிடையாது.

கே: டிரைவர் எழுதப் பழகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை?

ப: ஒரு 32 பிட் எண், அடுத்து ஒரு 64 பிட் எண் என்று ஸ்ட்ரக்ட் எழுதிப் பாருங்கள். 32 பிட் எக்ஸ்86-ல் அது 12 பைட், 64 பிட்டில் 16. பழைய 32 பிட் புரோகிராம் 64 பிட் கெர்னலிடம் அதை நீட்டினால் இரண்டாவது எண் இடம் மாறிப் படிக்கப்படும். நடுவில் நான்கு பைட் நிரப்பியை நீங்களே எழுதிவிடுங்கள். வெளியே போகும் ஸ்ட்ரக்டில் ‘லாங்’ வேண்டவே வேண்டாம்.