போற வழி மாமா

"போற வழிதானே மாப்ள" என்று மாமா ஆரம்பித்துவிட்டால், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நைசாக நழுவிவிடுவது நல்லது. நாம் கேட்டது முதுமலைக்கு ஒரு வழி. அவர் கொடுக்கப்போவது தென்னிந்தியா.

கூட்டுரோட்டு டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில், எண்ணெய் படாத மூலையாகப் பார்த்து மாமா ரூட் போடுவார். செஞ்சி, திருவண்ணாமலை, அரூர், சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், முதுமலை. பேனா அங்கே நின்றால் நாம் பிழைத்தோம். நிற்காது. "முதுமலை வரைக்கும் போறோம், பக்கத்துலயே பந்திப்பூர். போற வழிதான். பந்திப்பூர் வரைக்கும் போயிட்டு நாகர்ஹோளே பாக்காம வந்தா நாளைக்கு நாலு பேர் என்ன கேப்பான்?" நாகர்ஹோளே எண்ணெய்க் கறையின் மேல் விழும். வயநாட்டுக்குத் தாளில் இடம் இருக்காது. மேசை மேலேயே எழுதுவார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த நான்கு காடுகளும் ஒன்றையொன்று ஒட்டித்தான் கிடக்கின்றன. தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா என்று எல்லை போட்டது நாம். யானைக்கு எல்லாம் ஒரே காடு. இன்று முதுமலையில் மூங்கில் ஒடிக்கிற யானை நாளை பந்திப்பூரில் தண்ணீர் குடிக்கும். அதற்கு அது போற வழி. அதற்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இல்லை. பின்சீட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் இல்லை.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா மொத்தம் ஐந்துதான் என்று யாரோ ஒரு புண்ணியவான் மாமா காதில் போட்டுவிட்டார். அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐந்தையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று மாமா பேனாவைத் திறந்தார். அதில் ஒன்று கிண்டி. சென்னைக்கு நடுவே, மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காடு. இன்னொன்று மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே கடலில் கிடக்கிற 21 தீவுகள். மூன்றாவது முக்கூர்த்தி, நீலகிரி உச்சியில் வரையாடு மேய்கிற புல்வெளி. நினைத்த நேரத்தில் காரை விட்டுக்கொண்டு உள்ளே போகிற இடமில்லை. மிச்சம் முதுமலையும் ஆனைமலையும்.

"கிண்டியும் மன்னார் வளைகுடாவும் எப்படி மாமா ஒரே வழியில் வரும்?"

"ஈசிஆர்" என்றார், கண் இமைக்காமல்.

தீவுக்குக் கார் எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வழி சொல்லியிருப்பார்.

ஆனைமலை என்றால் டாப்ஸ்லிப். டாப்ஸ்லிப் என்றால் பொள்ளாச்சி. பொள்ளாச்சி வரை போனவர்கள் உடுமலை, சின்னாறு வழியாக மூணாறு ஏறி இரவிகுளத்தை ஏன் விடவேண்டும்? வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் இரவிகுளத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்களே என்று சொல்லிப் பார்த்தோம். "உள்ள யாரு போகப் போறா? கேட்டு வரைக்கும் போயிட்டு வந்துரலாம்" என்றார்.

மாமாவின் சூட்சுமம் இந்தக் 'கேட்டு வரைக்கும்' என்பதில்தான் இருக்கிறது. அவருக்குக் காடு என்பது பெயர்ப் பலகை. வண்டி நிற்கும். எல்லோரும் இறங்குவோம். பலகைக்கு முன்னால் வரிசையாக நிற்போம். அத்தை புளியோதரைத் தூக்கோடு நிற்பார். அதைக் காருக்குள் வைத்துவிட்டு வர நேரம் கிடையாது. ஒரு போட்டோ. டைரியில் ஒரு டிக். "ஏறு ஏறு ஏறு!"

பொங்கல் லீவில் கிளம்பினோம். மலை அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். 2024 மே முதல் நீலகிரிக்குப் போகிற வெளியூர் வண்டிக்கெல்லாம் அது வேண்டும், நாட்டுக்கே தெரியும். மாமா கண்ணாடியை இறக்கி, "நாங்க ஊட்டிக்கு வரலீங்க சார். ஊட்டி எங்களுக்குப் போற வழி" என்றார். போற வழிக்கும் பாஸ் வேண்டும் என்று அந்தக் காவலர் பொறுமையாகச் சொன்னார். பின்சீட்டுப் பையன் ஓரம்கட்டி நின்ற வண்டியில் உட்கார்ந்தபடி செல்போனிலேயே பாஸ் எடுத்தான்.

முதுமலையில் தெப்பக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். வனத்துறை வேன் காட்டுக்குள் போய்வர இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் குதித்தன. மாமா வாட்சைப் பார்த்தார். பந்திப்பூர்ச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிட்டால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த ஒரு விதி மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. "வேனுக்கு நின்னா நாகர்ஹோளே போயிரும் மாப்ள." 1940 முதல் சரணாலயமாக இருக்கிற காட்டுக்கு மாமா ஒதுக்கியது, ஒரு டீயும் ஒரு பலகையும். சாலையோரம் மேய்ந்த புள்ளிமான்கள் கார் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, சின்னவள் "போர்டு" என்றாள்.

இனிச் சிரிக்க முடியவில்லை. டீசல் போகட்டும். வருஷத்தில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற ஒரே லீவு அது. முட்டிவலி உள்ள அத்தையை நாள் முழுக்கக் காலை மடக்கி உட்காரவைத்து, யாரும் கேட்காத ஓர் எண்ணிக்கைக்காக நான்கு காட்டைச் சுற்றிக் காட்டியது எந்த விதத்தில் உல்லாசம்? அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததால் அவருக்கு வலிக்கவில்லை என்று மாமா முடிவு செய்துகொண்டார்.

ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுத்தபோது, முகம் சுளிக்காமல் இறங்கிக் கழுவிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் மேல்மலையனூர் அமாவாசையைத் தாண்டி எங்கும் போயிருக்காது.

இப்படிப்பட்ட மாமாவுக்குக் கோபம் வரவேண்டுமானால் அவரைக் கோட்டை வாசலில் நிறுத்தவேண்டும். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று. அது நம் செஞ்சி. புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற கார்கள் இங்கே நிற்கின்றன. இறங்குகிறார்கள். கல்யாண மகாலுக்கு முன்னால் ஒரு போட்டோ. குரங்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்குகிறது. ராஜகிரியை அண்ணாந்து பார்த்து "அம்மாடி" என்கிறார்கள். ஏறிவிடுகிறார்கள், காரில்.

மாமா கொதித்துப் போவார். "ஔரங்கசீப் அனுப்பின ஜுல்பிகர் கான் 1690ல வந்து 1698லதான் இந்தக் கோட்டையப் புடிச்சான். எட்டு வருஷம்! இவனுங்க எட்டு நிமிஷத்துல போறானுங்க. ராஜகிரி ஏறாம போனா செஞ்சியப் பாத்ததா ஆயிடுமா மாப்ள? கேட்டா, திருவண்ணாமலைக்குப் போற வழியாம்!"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

அவர் பட்டியலில் ஒருநாளும் ஏறாத இடம் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மரக்காணம் பக்கத்துக் கழுவெளி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக ஒன்றரை மணி நேரம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போய் நின்றால் வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். பாஸ் வேண்டாம், கொண்டை ஊசி வளைவு இல்லை. ஆனால் அதைத் தாண்டினால் கடல்தான். அடுத்த காடு கிடையாது. அதனால் மாமாவுக்கு அது இடமே இல்லை.

அடுத்த லீவுக்குக் காடு தேடுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு காட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு இரவு தங்குங்கள். வேனுக்குக் காத்திருங்கள். ஒன்றும் தென்படாவிட்டால் மறுநாள் காலையும் போங்கள். போற வழியில் இன்னொரு காடு இருக்கிறது என்று யாராவது பேனாவைத் திறந்தால், அந்தப் பேனாவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.