ஆரணி மீது மூன்றாவது படையெடுப்பு

வரலாற்றுப் புத்தகத்தில் ஆரணியைத் தேடினால் பட்டுச்சேலை வராது, பீரங்கிதான் வரும். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் வந்து ஜெயித்தார். 1782 ஜூன் 2-இல் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். ஜெயித்தது யார்? அதை மட்டும் கேட்காதீர்கள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவர் ‘சத்தம் ஓய்ந்ததா, சரி’ என்று நாடாவைத் தள்ளியிருப்பார்.

மூன்றாவது படையெடுப்பு 1976 மே 14. ஆயுதம், இசைத்தட்டு. தளபதி, பண்ணைப்புரத்து ராசையா. படத்தின் பெயர் ‘அன்னக்கிளி’.

அதற்கு முன்னால் நம்ம ஆட்கள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? 1965-இல் இந்திப் பலகைகளுக்குத் தார் பூசிய அதே தலைமுறை, 1969-இல் ‘ஆராதனா’ வந்ததும் அர்த்தம் புரியாத இந்திப் பாட்டை முனகிக்கொண்டு திரிந்தது. 1973-இல் ‘பாபி’ வந்தபோது சுத்தமாகக் கவிழ்ந்தது. தார் காயக்கூட டைம் கொடுக்கவில்லை, சார்!

இப்போது தளபதியின் பெயருக்கு வருவோம். பிறந்தபோது ஞானதேசிகன். ஊர் வாயில் ராசையா. இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் அதை ராஜா என்று நறுக்கினார். ஆதார் ஆபீசுக்குப் போயிருந்தால் கம்ப்யூட்டர் மயக்கம் போட்டிருக்கும். கடைசியில், சினிமாவில் சான்ஸ் கொடுத்த பஞ்சு அருணாசலம் முன்னால் ஓர் ‘இளைய’வை ஒட்டினார். ஏன்? ஃபீல்டில் ஏற்கெனவே ஒரு ஏ.எம். ராஜா இருந்தார். நாம் பட்டம் என்று பூரித்துப்போவது, ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் ஒருவரைச் ‘சின்ன முருகேசன்’ ஆக்குகிறோமே, அந்த ஏற்பாடுதான்.

அந்த சான்ஸையும் ராசையா மேஜையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடிக் காட்டித்தான் வாங்கினார். முதல் ரெக்கார்டிங். பூஜை முடிந்தது, வாத்தியங்கள் ரெடி, சரித்திரம் புரளப்போகிறது... கரண்ட் போய்விட்டது! சகுனம் சரியில்லை என்று முனகல். ஆரணி நெசவாளர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்: கைத்தறிக்கு எந்த ஊரில் கரண்ட் கட்?

கரண்ட் வந்தது, பாட்டும் வந்தது. எஸ். ஜானகியின் குரலில் கிராமத்து மெட்டு, பக்கத்திலேயே வயலின் கூட்டம். பாவு நாட்டுப்பாட்டு, ஊடை மேற்கத்திய இசை. இந்தக் கோர்வையை விளக்க ஆரணிக்காரருக்கு எந்த இசை விமர்சகரும் தேவையில்லை. இந்திப் பாட்டு மெதுவாகப் பெட்டியைக் கட்டியது.

நாட்டுப்பாட்டைப் புதுசாக நெய்யும் இந்த வேலைக்கு வெளிநாட்டிலும் ஆள் உண்டு. இங்கிலாந்தில் 1981-இல் ‘டெத் இன் ஜூன்’ என்று ஒரு குழு கிளம்பியது. முகமூடி, ராணுவ உடை, சோகமான அக்கூஸ்டிக் கிட்டார். உலகம் அதற்கு ‘நியோஃபோக்’, அதாவது புது நாட்டுப்பாட்டு, என்று பெயர் வைத்து ஆராய்ச்சி செய்கிறது. ஜூனில் சாவாம்! நம்ம ஆள் ஐந்து வருஷம் முன்னாலேயே, மே மாதத்திலேயே வேலையை முடித்துவிட்டார். முகமூடிச் செலவும் மிச்சம்.

ஜூன் என்றதும் ஞாபகம் வருகிறது. ராசையா பிறந்தது 1943 ஜூன் 3. அது கலைஞரின் பிறந்தநாளும் என்பதால், தன்னுடையதை ஒரு நாள் முன்னால் நகர்த்தி ஜூன் 2-இல் கொண்டாடுகிறார். ஆமாம், ஆரணிச் சண்டை நடந்த அதே தேதி. ஐதருக்கும் கூட்டுக்கும் அன்றைக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை.