மாடியிலேயே வேடந்தாங்கல்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் சென்னை முடங்கியது. எங்கள் பேட்டைப் பறவை நோக்கர் சங்கம் மட்டும் சிறகு விரித்தது. விடியலில் எழுந்து பள்ளிக்கரணைச் சேற்றில் நிற்கும் கொடுமை ஒழிந்தது. மொட்டைமாடியில் காபியோடு காக்கை எண்ணி, பறவைக் கணக்கைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். ஒரே அண்டங்காக்கை நான்கு உறுப்பினர் மாடிக்கும் வடைக்குப் போனது, கணக்கில் நான்கு. இனப்பெருக்கம் என்றால் இதுவல்லவா! செயலாளர் தன் வீட்டுத் துணிக்கொடியை முக்கிய வாழிடமாக அறிவித்தார். பொருத்தம்தான், அதில் எப்போதும் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறுதோறும் ஜூமில் சிறப்புரை. ‘எங்கே போயின சிட்டுக்குருவிகள்?’ என்று தலைவர் தழுதழுத்தபோது, அவர் ஜன்னலில் ஒரு ஜோடி வந்து உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. எழுந்து விரட்டிவிட்டு வந்தார். “மன்னிக்கணும், வெளியே ஒரே இரைச்சல்.”

குருவிகளைக் காணோம் என்ற தீர்மானம் அன்றே ஒருமனதாக நிறைவேறியது.